மேற்படி காணவில்லை

அஸர் தொழுகை முடிந்து கடைத்தெருவில் மறுபடி டீ கிளாஸ் சத்தம் கேட்க ஆரம்பிக்கிற நேரம். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சிபியூவை உட்கார வைத்து, பழைய கைலியால் சுற்றி, கைக்குழந்தையை அணைத்தபடி வருவதுபோல ஒரு பையன் வந்து இறங்கினான். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்கிறவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாய், நாலு தடவ டவுன்லோடு பண்ணிட்டேன். நாலு தடவையும் ஃபைல் கரப்ட்டுங்குது."

கேம் 50 ஜிபி. அவன் வீட்டு இணைப்பில் ஒரு தடவை இறங்க ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் ஆகுமாம். இறக்கி முடித்து இன்ஸ்டால் போட்டால் நடுவழியில் ஒரு பெட்டி குதிக்கிறது. ஐஎஸ்டன் டிஎல்எல், அனார்க் டிஎல்எல், ஆர்க்கைவ் கெட்டுவிட்டது, மைனஸ் ஏதோ ஒரு எண். உடனே இருக்கிறதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இறக்குவான்.

"ஒரே ஃபைல திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தியா? ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலயா நிக்குது?"

"இல்ல பாய். கடைசியா எறக்குனத மூணு தடவ போட்டேன். முதல்ல 87, அப்பறம் 62. காலைல 90."

சிபியூவை மேஜைமேல் வைக்கச் சொன்னேன். ஃபைலில் கோளாறு என்றால் அது ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். ஓட்டை விழுந்த சாலையில் பஸ் ஒவ்வொரு நடைக்கும் அதே இடத்தில்தானே குலுங்கும்? இடம் மாறி மாறி நிற்கிறது என்றால் சாலையை விட்டுவிட்டு பஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

லால்பேட்டையில் இந்தக் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் பிரவுசிங் சென்டர், பிறகு பிரிண்ட் அவுட், இப்போது சர்வீஸ். அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் 2011-க்குப் பிறகு வீடு வீடாக வந்தபோதுதான் எனக்கு ஜிப் ஃபைல் வைத்தியம் முழுநேர வேலையானது. அதற்கு முன்னால் படம், பாட்டு, வைரஸ். அதற்குப் பின்னால் எல்லாப் பையன்களின் வாயிலும் ஒரே சொல்: எக்ஸ்ட்ராக்ட் ஆகல.

எக்ஸ்ட்ராக்ட் என்றால் என்ன என்று எங்கள் அத்தா ஒருநாள் கேட்டார். அவர் கொடிக்காலும் வெற்றிலை வியாபாரமுமாக வாழ்ந்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஆனால் பத்திரம் நிறையப் படித்தவர். அதனால் பத்திரத்தை வைத்தே சொன்னேன்.

கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன தெரு, இன்னார் மகன் இன்னார் என்று முழுசாக எழுதுவார்கள். அதற்கு அப்புறம்? 'மேற்படி.' மேற்படி சொத்து, மேற்படி நபர், மேற்படி தேதி. ஒரே சொல்லில் நாலு வரி மிச்சம். கம்ப்யூட்டரில் அமுக்குவதும் இதேதான். ஒரு முறை வந்தது மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பை மட்டும் வைக்கிறது. ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் என்ற இருவர் 1977-ல் இந்த வழியை எழுதி வெளியிட்டார்கள். 2023-ல் இரண்டு மாத இடைவெளிக்குள் இருவரும் காலமானார்கள். உலகத்தில் பாதிப் பேர் பாக்கெட்டில் அவர்கள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதோடு டேவிட் ஹஃப்மன் 1952-ல் சொன்ன இன்னொரு தந்திரமும் சேரும்: அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அபூர்வமாக வருவதற்குப் பெரிய குறி.

1989-ல் ஜிப் என்று கொண்டுவந்து, பிறகு அதில் இந்த இரண்டையும் கலந்தவர் பில் காட்ஸ் என்ற அமெரிக்கர். 37 வயதில், 2000-ல் இறந்துபோனார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளான பி, கே இரண்டும் ஒவ்வொரு ஜிப் ஃபைலின் தலையிலும் இன்னமும் உட்கார்ந்திருக்கின்றன. நம்பாவிட்டால் ஒரு ஜிப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வேர்டில் அடித்த டாக்எக்ஸ் ஃபைலைத் திறந்தாலும் அதே பி, கே தான். ஆண்ட்ராய்டு ஏபிகே-யும் அப்படியே. அவையும் சட்டை மாற்றிய ஜிப்புகள். ரெஸ்யூம் 'திறக்க முடியவில்லை, சிதைந்துள்ளது' என்று வந்து நிற்கிறவர்களுக்கும், ஏபிகே-யைப் போட்டால் 'பார்ஸ் பண்ண முடியவில்லை' என்று போனை நீட்டுகிறவர்களுக்கும் ஒரே வைத்தியம் என்பது இதனால்தான்.

அத்தா கேட்டார்: "சரி, நடுவுல ஒரு பக்கம் தொலைஞ்சிட்டா?"

அதுதான் விஷயம். சாதாரணக் கடிதத்தில் ஒரு வரி அழிந்தால் அந்த வரி மட்டும் போகும். 'மேற்படி' நிறைந்த பத்திரத்தில் முதல் பக்கம் போனால், பின்னால் வருகிற அத்தனை மேற்படியும் அநாதை. அமுக்கிய ஃபைலில் கோடிக்கணக்கான பிட்டில் ஒன்று புரண்டாலும் அதற்கப்புறம் வருவதெல்லாம் பிதற்றலாகிவிடலாம். அமுக்காத படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், கண்ணுக்குக்கூடத் தெரியாது.

பிதற்றலைக் கண்டுபிடிக்கவும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொடிக்கால்தான் உதவியது. நூறு இலை ஒரு கவுளி. கட்டும்போது எண்ணிக் கட்டுகிறோம், வாங்குகிறவர் பிரித்து எண்ணுகிறார். தொண்ணூற்றெட்டு வந்தால் சண்டை. அமுக்கும்போதும் உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு கணக்கில் ஓட்டி, வருகிற 32 பிட் எண்ணை ஃபைலிலேயே எழுதி வைக்கிறார்கள். சிஆர்சி என்பது அது. பிரித்தபின் அதே கணக்கை மறுபடி போட்டு, பழைய எண்ணோடு ஒத்துப் பார்க்கும். ஒரே ஒரு பிட் மாறியிருந்தால் கட்டாயம் பிடிபடும். கன்னாபின்னாவென்று கெட்டது தப்பித் தவறி ஒத்துப்போக வேண்டுமானால் 429 கோடியில் ஒரு வாய்ப்பு. வெற்றிலைக் கடையில் இவ்வளவு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் எண்ணிப் பார்க்கிற ஆளுக்கு இரண்டு இலை குறைவது மட்டும்தான் தெரியும். கொடிக்காலிலேயே குறைத்துக் கட்டினார்களா, வண்டியில் உதிர்ந்ததா, அவரே தப்பாக எண்ணினாரா, தெரியாது. அவர் சொல்வது 'கவுளி சரியில்லை' என்று மட்டுமே. கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்கிறது. நாம்தான் அதை 'கொடிக்கால்காரன் திருடன்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு மறுபடி 50 ஜிபி இறக்கப் போகிறோம்.

கோளாறின் மூலத்தைத் தேடிப் போவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கடைமடை வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் வயலைத் திட்டுவதில்லை. வாய்க்காலோடு மேலே நடப்பார்கள். மதகு திறந்திருக்கிறதா, வீராணம் ஏரியில் எத்தனை அடி இருக்கிறது, வடவாற்றில் வருகிறதா, கீழணையில் விட்டார்களா என்று கொள்ளிடம் வரைக்கும் கேள்வி போகும். ஃபைலும் அப்படித்தான் வருகிறது. எங்கோ இருக்கிற சர்வர், நம் வீட்டு வைஃபை, பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், ராம், பிராசசர், கடைசியில் பிரிக்கிற மென்பொருள். இந்த வாய்க்காலில் நான் அதிகம் நடந்திருக்கிறேன்.

கீழ்முனையில் இருக்கிற மென்பொருளே பல சமயம் கிழடாக இருக்கும். வின்ரார் 40 நாள் சோதனை என்று சொல்லிவிட்டு ஆயுளுக்கும் ஓடுவதால், பத்து வருடத்துக்கு முன் போட்டதை யாரும் மாற்றுவதில்லை. 2013-ல் ரார் தன் வடிவத்தையே மாற்றியது. அந்தப் புது ஃபைலைப் பழைய வின்ராரில் திறந்தால் 'தெரியாத வடிவம் அல்லது சிதைந்தது' என்று சொல்லும். அந்த 'அல்லது'வை யாரும் படிப்பதில்லை. மேலும், ஏஸ் என்ற பழைய வடிவத்தைப் பிரிக்கும் பகுதியில் 19 வருடமாக ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்ததை 2019-ல் அம்பலப்படுத்தினார்கள். பழைய வின்ராரைத் தூக்கிப் போடுவதற்கு அது ஒன்றே போதும். இகோர் பாவ்லவ் எழுதிய 7-ஜிப் இலவசம், 1999-லிருந்து இருக்கிறது. கடைக்கு வருகிற மெஷினில் எல்லாம் அதையும் போட்டு அனுப்புகிறேன்.

இடமில்லாமல் நிற்பதும் உண்டு. 50 ஜிபி விரிந்தால் 90 ஆகலாம், நடுவில் சி டிரைவில் தற்காலிகமாக வேறு கொட்டும். டி டிரைவ் காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். நிரம்பி வழிவது சி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளமான பெயர்கள் வைத்து, மொத்தப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல மென்பொருள்கள் முரண்டு பிடிக்கும். டி டிரைவின் வாசலிலேயே ஒற்றை எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் பிரித்தால் தீர்ந்தது. பாதியில் அறுந்த டவுன்லோடும் சுலபம். ஜிப்பின் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருப்பதால், வால் அறுந்த ஜிப் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லாது. சைஸைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பென் டிரைவ் கதைதான் பெரியது. நாலைந்து வருடம் முன்பு, வெளிநாட்டுச் சபுரிலிருந்து வந்த ஒரு மாமா, தன் மகள் நிக்காஹ் முடிந்து திரும்பிப் போகிற அவசரத்தில் இருந்தார். வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் அமுக்கி, அவர் கொண்டுவந்த 2 டிபி பென் டிரைவில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். பெயரெல்லாம் வந்தது, சைஸ் சரியாகக் காட்டியது. வழக்கமாகச் செய்வதுபோல, பென் டிரைவிலிருந்தே 'டெஸ்ட்' கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் சிவப்பில் சிஆர்சி பிழை. என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மூலத்தை டெஸ்ட் செய்தால் சுத்தமாக இருந்தது.

பென் டிரைவ் போலி. உள்ளே இருக்கிற சிப் உண்மையில் 16 ஜிபி மட்டும். கன்ட்ரோலரில் பொய் எழுதி 2 டிபி என்று சொல்ல வைத்திருந்தார்கள். 16 நிரம்பியதும் மேலே வருவதை விழுங்கிவிட்டு 'வாங்கிக்கொண்டேன்' என்று தலையாட்டும். பெயர்ப் பட்டியல் ஆரம்பத்தில் எழுதப்படுவதால் அது மட்டும் பத்திரமாக இருக்கும். வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது, உள்ளே வீடு இல்லை. இப்படிப்பட்டதைப் பிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு குட்டி இலவச மென்பொருள் இருக்கிறது. சொன்ன கொள்ளளவு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து ஒத்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊருக்கே அதே டிரைவத்தான் வாங்கிட்டு வந்து கொடுத்தேன் தம்பி" என்றார். அவருக்கு வேறு டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ரார் ஃபைல் செய்யும்போது 'ரெக்கவரி ரெக்கார்டு' என்று ஒரு டிக் இருக்கிறது. மூன்று சதவீதம் இடம் கூடுதலாகத் தின்னும், சிறு சேதம் வந்தால் 'ரிப்பேர்' கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். கல்யாண வீடியோவுக்கு அந்த டிக்கைப் போடாமல் நான் அனுப்புவதில்லை. அந்தப் போலி டிரைவ் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிழைப்பெட்டியைப் பார்த்ததுமே கேம் காசு கொடுத்து வாங்கியதில்லை என்று தெரிந்துவிட்டது. அனார்க் என்பது புலாத் ஸிகன்ஷின் என்பவர் எழுதிய ஃப்ரீஆர்க்கின் துண்டு. இலவசமாகச் சுற்றுகிற கேம்களை நெருக்கி அமுக்குகிறவர்களின் பிரியமான கருவி அது. "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடுன்னு போட்டிருந்துச்சு பாய், பண்ணிட்டேன்" என்றான். வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிட்ட கதை. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஃப்ரீஆர்க் போன்றவை ராமை ஏன் இவ்வளவு பிழிகின்றன என்பதற்கும் மேற்படிதான் காரணம். பழைய ஜிப் 32 கேபி வரைதான் பின்னால் திரும்பிப் பார்க்கும். இவை நூற்றுக்கணக்கான எம்பி பின்னால் பார்க்கும். அத்தனையையும் பிரித்து முடிக்கும்வரை ராமில் விரித்து வைத்திருக்க வேண்டும். ராமில் எங்காவது ஒரு மூலையில் சொத்தை இருந்தால், பிரவுசர் ஓட்டும்போது, படம் பார்க்கும்போது அந்த மூலைக்கு ஆள் போகாமலே இருக்கலாம். பெரிய ஃபைலைப் பிரிக்கும்போது வீடு முழுக்கப் பந்தி போட்டாக வேண்டும்.

நான் செய்த சோதனை ஒன்றே ஒன்று. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் தருகிற எஸ்எச்ஏ-256 கணக்கைப் போடச் சொன்னேன். 50 ஜிபிக்கும் சேர்த்து ஒரு நீள எண் வரும். எழுதி வைத்துக்கொண்டோம். டீ குடித்தோம். மறுபடி போட்டோம். வேறு எண். மூன்றாவது தடவை இன்னொரு எண்.

பையன் திரையை நிமிர்ந்து பார்த்தான். ஃபைலை யாரும் தொடவில்லை. நெட்கூட இல்லை, கேபிளை நான் செருகவே இல்லை. ஒரே கவுளியை மூன்று தடவை எண்ணி மூன்று கணக்குச் சொல்கிறது மெஷின்.

பெட்டியைத் திறந்தேன். 8 ஜிபி ராம் இரண்டு. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டேன். பத்துக்கு ஐந்து இந்த ரப்பரிலேயே குணமாகும். இது ஆகவில்லை. ராமை வேகப்படுத்துகிற எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் நிறுத்தினேன். அப்போதும் இல்லை. ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டு, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். ஒன்று கடைசிவரை சுத்தம். இன்னொன்று போட்டு பத்து நிமிடத்தில் திரையெல்லாம் சிவப்பு.

ராம் கெட்டது என்பதோடு நின்றது எங்கள் கதை. பிராசசரிலேயே கெட்டது உண்டா என்று பையன் கேட்டான். உண்டு, உலகமே பார்த்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் விலை உயர்ந்தவற்றை வாங்கியவர்களுக்கு கேம்கள் நடுவில் விழுந்தன. பல கேம்கள் தங்கள் படங்களை ஊடில் என்ற முறையில் அமுக்கி வைத்திருக்கும். பிழை 'ஊடில் பிரிக்க முடியவில்லை' என்று வந்தது. இன்னும் வேடிக்கை, 'வீடியோ மெமரி போதவில்லை' என்றும் வந்தது. ஜனங்கள் கேம் கம்பெனியைத் திட்டினார்கள், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். ஊடிலைச் செய்கிறவர்கள், எங்கள் கணக்கில் தப்பில்லை, பிராசசரைப் பாருங்கள் என்று எழுதினார்கள். கார்டு செய்கிற என்விடியாவும் 2024 ஏப்ரலில் இன்டெலிடம் போங்கள் என்றது. பிராசசருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், உள்ளே தேய்மானம் நடந்திருந்தது. 2024 ஆகஸ்ட்டில் அதைத் தடுக்கும் மைக்ரோகோடு வந்தது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது என்பதால் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தத் தலைமுறை மெஷின் வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், கேம் விளையாடாவிட்டாலும்.

ஒற்றை ராமோடு மெஷினை ஏற்றி அதே கணக்கை இரண்டு தடவை போட்டேன். இரண்டும் ஒரே எண். "இப்ப இன்ஸ்டால் போடு" என்றேன். மஃரிப் பாங்கு சொல்லும்போது 62-ஐத் தாண்டியிருந்தது. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் 90-ஐயும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி எதுவும் குதிக்கவில்லை.

"அப்ப நான் அழிச்ச மூணும்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

150 ஜிபி, மூன்று ராத்திரி. அவன் வாயைத் திறக்கவில்லை. கெட்ட ராமில் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு, மாமாவின் பென் டிரைவ் கிடக்கிற டிராயரிலேயே போட்டேன். சிபியூவைக் கைலியில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

ராத்திரி பதினொன்றரைக்கு போன்.

"பாய், கேம் ஓடுது. ஆனா திக்கித் திக்கி ஓடுது."

"ராம் பாதிதானப்பா இருக்கு."